கணையத்தின் கதை – 11: கைக்கு எட்டாத நாளங்கள்

கணையத்தை ரத்தநாளங்களுக்கான ஒரு தாங்கலாகவே கேலன் கருதினார். வயிற்றின் பின்சுவரில் பெரிய நாளங்கள் கிளை பிரியும் இடம் எளிதில் அறுபடக்கூடியது. அதைக் காக்கவே இயற்கை அங்கே ஒரு சதைப்பிண்டத்தை வைத்திருக்கிறது என்பது கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அவர் தந்த விளக்கம். கணையம் செரிமான நீரைச் சுரக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் அந்த உறுப்பும் நாளங்களும் ஒன்றை ஒன்று எவ்வளவு நெருங்கிக் கிடக்கின்றன என்பதை அவர் சரியாகப் பார்த்திருந்தார். பதினேழு நூற்றாண்டுகளுக்குப் பிறகு கணையத்தில் கத்தி வைக்கத் துணிந்தவர்கள் முதலில் மோதியது அந்த நெருக்கத்தில்தான்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் குறுக்காகக் கிடக்கிறது. அதன் தலைப்பகுதி முன்சிறுகுடலின் வளைவுக்குள் பொதிந்திருக்கும். தலைக்கும் உடலுக்கும் நடுவே உள்ள குறுகிய கழுத்தின் பின்புறத்தில், குடலிலிருந்து ஏறிவரும் மேல் மெசென்ட்ரிக் சிரையும் இடப்பக்கமிருந்து வரும் மண்ணீரல் சிரையும் கூடி, கல்லீரலுக்குச் செல்லும் போர்ட்டல் சிரையாகின்றன. அதற்குச் சற்று இடப்புறம் பெருந்தமனியிலிருந்து நேரே கிளம்பி இறங்குகிறது மேல் மெசென்ட்ரிக் தமனி. அறுவை அரங்குகளில் இதன் பெயர் எஸ்.எம்.ஏ. சிறுகுடலின் பெரும்பகுதியும், பெருங்குடலின் பாதிக்கு மேலும் இந்த ஒற்றைத் தமனியை நம்பி உயிர் வாழ்கின்றன. கணையத் தலையின் அடியிலிருந்து கொக்கிபோல் வளையும் ஒரு பகுதி, சிரைக்குப் பின்னால் புகுந்து இந்தத் தமனியின் ஓரம்வரை எட்டுகிறது. மேல்விளிம்பை ஒட்டி மண்ணீரல் தமனி நெளிந்து ஓடுகிறது. பின்புறத்தில் மண்ணீரல் சிரை பள்ளம் பதித்துக் கிடக்கிறது.

1642இல் பதுவா நகரில் விர்சுங் கணையத்தின் முதன்மைச் சுரப்புநாளத்தைக் கண்டுபிடித்த பிறகு, ஆய்வாளர்களின் கவனம் சுரப்புநீரின் பக்கம் திரும்பிவிட்டது. ரத்தநாளங்களை முறையாக வரைந்து பார்க்கும் வேலை 18ஆம் நூற்றாண்டில் ஆல்பிரெக்ட் ஃபான் ஹாலரின் கைக்கு வந்தது. பெருந்தமனியிலிருந்து முன்னோக்கிப் புறப்படும் சீலியக் தமனி, இரைப்பைக்கும் கல்லீரலுக்கும் மண்ணீரலுக்குமாக மூன்றாகப் பிரிவதை அவர் விவரித்தார். அந்த முக்கிளைக்கு இன்றும் அவர் பெயர் உண்டு. ஹாலர் பணியாற்றிய அதே கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில், 1868இல் யாக்கோப் ஹென்லே சிரைகளின் பக்கம் ஒரு முக்கியமான சேர்க்கையைக் குறித்தார். இரைப்பையின் கீழ்விளிம்பிலிருந்து வரும் சிரையும் பெருங்குடலின் வலப்பகுதியிலிருந்து வரும் சிரையும் ஒன்றாகி மேல் மெசென்ட்ரிக் சிரையில் விழும் குட்டையான தண்டு அது. 1912இல் தெகோம்ப், தெ லலாபி என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள், கணையத் தலையின் முன்புறத்திலிருந்து வரும் ஒரு சிரையும் அதில் சேர்வதைக் காட்டினர். ஹென்லே தண்டு என்னும் இந்தச் சிறிய நாளம் அன்று உடற்கூற்றியல் நூல்களில் ஒரு பத்தியைத் தாண்டவில்லை. இன்று லேப்ராஸ்கோப்பில், அதாவது நுண்துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் செலுத்தி, கணையத் தலையை அகற்றும் எந்த மருத்துவரும் அதைத் தேடிப் பிடித்துக் கட்டாமல் மேலே செல்வதில்லை. குடலைச் சற்று வேகமாக இழுத்தாலே கிழிந்து, பார்வைப் பரப்பை ரத்தத்தால் மூடிவிடக்கூடிய நாளம் அது.

தமனிகளின் பக்கம் விஷயம் இன்னும் சிக்கலானது. சீலியக் தமனியிலிருந்து கல்லீரலுக்குப் போகும் கிளை வழியில் ஒரு தமனியைக் கீழே அனுப்புகிறது. இரைப்பை–முன்சிறுகுடல் தமனி எனப்படும் அதை மருத்துவர்கள் ஜி.டி.ஏ. என்பார்கள். அதிலிருந்து கணையத் தலையின் முன்புறமாக ஒன்றும் பின்புறமாக ஒன்றும் இரு கிளைகள் இறங்குகின்றன. எதிர்த் திசையில், எஸ்.எம்.ஏ.விலிருந்து கீழ் கணைய–முன்சிறுகுடல் தமனி புறப்பட்டு, அதுவும் முன்னும் பின்னுமாகப் பிரிந்து மேலே ஏறுகிறது. மேலிருந்து வருபவையும் கீழிருந்து வருபவையும் கணையத் தலையில் சந்தித்து இரண்டு வளைவுகளாகின்றன. ஒரு வயலுக்கு இரு திசைகளிலிருந்து வாய்க்கால் வந்து நடுவே கலந்தால், ஒரு மடையை அடைத்ததால் மட்டும் நீர் நின்றுவிடாது. கணையத் தலையின் ரத்தப்போக்கும் அப்படியே. ஜி.டி.ஏ.வைக் கட்டிவிட்டோம் என்று நிம்மதி கொள்ள முடியாது. கீழ்மடை திறந்திருக்கும்வரை தலைப்பகுதி ரத்தத்தால் விம்மிக்கொண்டே இருக்கும். நுண்துளை அறுவையின் நடைமுறை பின்னாளில் மாறியதற்கு வேர் இந்த அமைப்பில்தான் இருக்கிறது.

ஏன் இப்படி இரட்டை ஏற்பாடு என்பதற்கு விடை கருவில் உள்ளது. பெருந்தமனியிலிருந்து குடலுக்கு முதலில் வரிசையாகப் பல வேர்கள் கிளம்புகின்றன. அவற்றை முன்புறத்தில் நெடுக்கு இணைப்பு ஒன்று கோத்திருக்கிறது. வளர்ச்சியின்போது சில வேர்கள் மறைகின்றன, இணைப்பும் பல இடங்களில் அறுகிறது. எது மறைந்து எது நிலைக்கிறது என்பதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டாகிறது என்று 1904இல் வியன்னாவின் யூலியுஸ் டாண்ட்லர் விளக்கினார். கல்லீரலின் வலப்பாதிக்கான தமனி சிலருக்குச் சீலியக் தமனியிலிருந்து வராமல் எஸ்.எம்.ஏ.விலிருந்து கிளம்புவதும், மிகச் சிலருக்கு கல்லீரல் தமனி முழுவதுமே அங்கிருந்து வருவதும் இந்த விளக்கத்தில் அடங்கிவிடுகின்றன. அந்தக் காலத்தில் இது கருவியல் ஆர்வலர்களின் விஷயமாக மட்டுமே இருந்தது.

இந்த வேறுபாடுகளை எண்ணிக் கணக்கெடுக்கும் பொறுமை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாய்த்தது. 1932இல் வார்ட்டன், 1950இல் ஃபால்கனரும் கிரிஃபித்ஸும், 1951இல் உட்பர்னும் ஓல்சனும் கணைய நாளங்களைப் பற்றித் தனித்தனி ஆய்வுகள் வெளியிட்டனர். எல்லோரையும் விஞ்சியது பிலடெல்பியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் நிக்கலஸ் மிக்கெல்ஸ் செய்த வேலை. 200 உடல்களின் மேல்வயிற்றைக் கூறாய்ந்து 1955இல் அவர் வெளியிட்ட பெருநூல், பாடப்புத்தகப் படத்தில் உள்ளபடியே தமனிகள் அமைவது எல்லோருக்கும் பொதுவானதல்ல என்பதை எண்களால் நிறுவியது. 1966இல் அவர் தந்த பத்து வகைப் பிரிப்பில், கல்லீரல் தமனிகள் வழக்கமான முறையில் அமைந்தவர்கள் 55 சதவீதம் மட்டுமே. வலக் கல்லீரல் தமனி முழுக்க எஸ்.எம்.ஏ.விலிருந்து வந்தவர்கள் 11 சதவீதம். 1994இல் ஹையட் குழுவினர் 1,000 கொடையாளர்களின் கல்லீரல்களை ஆராய்ந்தபோது வழக்கமான அமைப்பு 75.7 சதவீதமாக உயர்ந்தது, எஸ்.எம்.ஏ.விலிருந்து வரும் வலத்தமனி 10.6 சதவீதம். எப்படிப் பார்த்தாலும் பத்தில் ஒருவருக்கு, கணையத் தலையின் பின்புறமாகக் கல்லீரலுக்கு ஒரு தமனி ஏறிக்கொண்டிருக்கிறது. அதை அறியாமல் அறுத்தால் கல்லீரலும், புதிதாக இணைத்துத் தைத்த பித்தநாளமும் ரத்தமின்றி வாடும்.

மிக்கெல்ஸ் காலத்து அறுவை மருத்துவர்கள் இந்த எண்களை மனப்பாடமாக வைத்திருக்கவில்லை. அதற்கான அவசியமும் குறைவாகவே இருந்தது. காரணம் அவர்களுடைய இடது கை. 1903இல் தியோடோர் கோக்கர், முன்சிறுகுடலைப் பின்சுவரிலிருந்து பிரித்து எழுப்பும் முறையை வெளியிட்டார். அப்படி எழுப்பிய பின் கணையத் தலைக்கு அடியில் விரல்களைச் செலுத்தி அதை முழுவதுமாகக் கையில் ஏந்த முடியும். கணையத் தலையை அகற்ற 1909இல் பெர்லினில் வால்தர் கவுஷ் செய்த அறுவையிலும், 1935இல் நியூயார்க்கின் ஆலன் விப்பிளும் உடன்பணியாற்றியவர்களும் இரண்டு கட்டங்களாகச் செய்து வெளியிட்டதிலும், 1940க்குப் பின் ஒரே கட்டமாக நிலைபெற்ற முறையிலும் அந்தக் கைக்குப் பெரும்பங்கு உண்டு. எஸ்.எம்.ஏ. எங்கே துடிக்கிறது என்று விரல் சொல்லும். பித்தநாளத்துக்குப் பின்னால் இருக்கக் கூடாத இடத்தில் ஒரு துடிப்பு தட்டுப்பட்டால், இடம் மாறிய கல்லீரல் தமனி இருப்பது தெரிந்துவிடும். எதிர்பாராமல் ரத்தம் பீறிட்டால் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேர்ந்து அதை அழுத்திப் பிடித்துவிடும். அதற்குள் தையல் போட நேரம் கிடைக்கும். உடற்கூறு பற்றிய அறிவில் இருந்த பல இடைவெளிகளைத் தொடுகை நிரப்பியது.

லேப்ராஸ்கோப் வந்தபோது அந்தக் கை வயிற்றுக்கு வெளியே நின்றுவிட்டது. 1994இல் மாண்ட்ரியாலின் மிஷெல் காஞேவும் ஆல்ஃபன்ஸ் பாம்பும், நாள்பட்ட கணைய அழற்சி கொண்ட ஒருவருக்குக் கணையத் தலையை முழுக்க லேப்ராஸ்கோப்பியில் அகற்றியதை வெளியிட்டனர். அதே ஆண்டில் ஆல்ஃபிரட் கஷியெரி வால்பகுதி அறுவை பற்றி எழுதினார். 1997இல் காஞேவும் பாம்பும் பத்து நோயாளிகளின் அனுபவத்தைத் தொகுத்தபோது, பத்தில் நான்கு பேருக்கு வயிற்றைத் திறக்க வேண்டி வந்திருந்தது. இதனால் பயன் உண்டா என்ற கேள்வியைக் கட்டுரைத் தலைப்பிலேயே அவர்கள் எழுப்பினார்கள். தங்கள் முயற்சியையே இவ்வளவு நேர்மையாக எடைபோட்ட முன்னோடிகள் அறுவை வரலாற்றில் குறைவு.

தொடுகை போனதோடு பார்க்கும் கோணமும் மாறியது. திறந்த அறுவையில் மருத்துவர் மேலிருந்து, முன்புறமாகப் பார்க்கிறார். கேமரா தொப்புள் அருகே நுழைந்து கீழிருந்து மேல்நோக்கிப் பார்க்கிறது. அதற்கு முதலில் எதிர்ப்படுவன சிரைகளின் அடிப்பகுதியும், கொக்கிப் பகுதியும், எஸ்.எம்.ஏ.வின் பக்கவாட்டும். பல மடங்கு பெரிதாகத் தெரியும் திரையில், முன்பு கண்ணுக்கே படாத மில்லிமீட்டர் அளவு நாளங்கள் தனித்தனியாகத் தெரிந்தன. ஆனால் அவற்றில் ஒன்று கிழிந்தால் சில துளி ரத்தம்கூட அந்தச் சிறு பரப்பை மறைத்துவிடும். ஆகவே நாளத்தைக் கண்டபின் கட்டுவது என்பது போய், அது எங்கே வரும் என்று முன்னரே அறிந்து காத்திருக்க வேண்டிய நிலை வந்தது. அலமாரிகளில் தூங்கிய மிக்கெல்ஸும் டாண்ட்லரும் மறுபடி படிக்கப்பட்டனர்.

அந்த முன்னறிவைத் தந்தது படமெடுப்புத் துறை. 1929இல் லிஸ்பனில் ரெய்னால்டோ தோஸ் சாந்தோஸ் பெருந்தமனிக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். 1953இல் ஸ்டாக்ஹோமின் செல்டிங்கர் கம்பி வழியாகக் குழாயைச் செலுத்தும் பாதுகாப்பான வழியைக் காட்டினார். 1971இல் லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. பல வரிசை உணரிகள் கொண்ட கருவிகள் வந்தபின், தமனிகளையும் சிரைகளையும் தனித்தனிக் கட்டங்களில், ஒவ்வொன்றும் ஒரே மூச்சுப்பிடிப்பில், மெல்லிய வெட்டுகளாகப் படம்பிடித்து முப்பரிமாணத்தில் அடுக்க முடிந்தது. நோயாளி ஒவ்வொருவரின் நாள வரைபடமும் அறுவைக்கு முன்பே மேசைக்கு வந்துவிட்டது. விரல் தேடிய துடிப்பை இப்போது கண் தேடுகிறது.

கணையத் தலையை அகற்றும்போது அந்த வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டியது சீலியக் தமனியின் தொடக்கம். உதரவிதானத்தின் நார்வளைவு சிலருக்கு அந்த இடத்தை அழுத்திக் குறுக்கியிருக்கும். அப்போது கல்லீரலுக்கான ரத்தம் எஸ்.எம்.ஏ.விலிருந்து கணைய வளைவுகள் வழியாக ஏறி, ஜி.டி.ஏ.வில் தலைகீழாக ஓடிக் கல்லீரலை அடைகிறது. அத்தகையவருக்கு ஜி.டி.ஏ.வை வெட்டுவது கல்லீரலின் உணவை வெட்டுவதாகும். எனவே வெட்டுவதற்கு முன் அதைத் தற்காலிகமாகக் கவ்வியால் அடைத்து, கல்லீரல் தமனியில் ஓட்டம் தொடர்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். திறந்த அறுவையில் விரல் வைத்தாலே போதும். இங்கே டாப்ளர் கருவி வேண்டும்.

அடுத்தது கழுத்துக்குப் பின்னுள்ள சிரை. அதன் முன்முகத்தில் பொதுவாகக் கிளைகள் சேர்வதில்லை என்பதால் கணையக் கழுத்துக்கும் சிரைக்கும் நடுவே ஒரு சுரங்கம் அமைக்க முடிகிறது. வலப்பக்கம் அப்படியல்ல. மேலே, கணையத் தலையின் பின்புறச் சிரை நேரே போர்ட்டல் சிரையில் விழுகிறது. கீழே ஹென்லே தண்டு. இவ்விரண்டும் கட்டப்பட்டால்தான் தலைப்பகுதியை வலப்பக்கம் விலக்க முடியும்.

உண்மையான சோதனை எஸ்.எம்.ஏ.வின் ஓரத்தில் காத்திருக்கிறது. கீழ் கணைய–முன்சிறுகுடல் தமனி பெரும்பாலும் தனியாகக் கிளம்புவதில்லை. நடுச்சிறுகுடலுக்குப் போகும் முதல் தமனியோடு ஒரே தண்டாக, எஸ்.எம்.ஏ.வின் பின்புறத்திலோ இடப்புறத்திலோ தொடங்கி, அதன் பின்னாகச் சுற்றி வலப்பக்கம் வருகிறது. நடுச்சிறுகுடலின் முதல் சிரையும் அநேகருக்கு எஸ்.எம்.ஏ.வின் பின்னால் கடந்து மேல் மெசென்ட்ரிக் சிரையில் சேர்கிறது. சிலருக்கு முன்னால் கடக்கிறது. கொக்கிப் பகுதியின் சிறு சிரைகள் அதில் வந்து விழுகின்றன. கணையத் தலையை வலப்பக்கம் இழுக்கும்போது இந்தக் கிளைகளும் இழுபட்டு, எஸ்.எம்.ஏ. சற்றே முறுக்கிக்கொள்ளும். அந்த நிலையில் குடலுக்கான கிளையைக் கணையத்துக்கானது என்று எண்ணி வெட்டிவிடும் ஆபத்து உண்டு. தமனியைச் சூழ்ந்துள்ள நரம்புப் பின்னலை முழுவதும் சுரண்டி எடுத்தாலோ, கட்டுக்கடங்காத வயிற்றுப்போக்கு நோயாளியை மாதக்கணக்கில் வாட்டும். ஆகவே எந்த ஆழம்வரை போவது என்பதைப் புற்றின் பரவலும் நாளங்களின் அமைப்பும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

தமனியை முதலில் அணுகும் முறைகள் 2006 முதல் திறந்த அறுவையில் பரவத் தொடங்கியிருந்தன. லேப்ராஸ்கோப்பின் கோணம் அதற்கு இயல்பாகவே பொருந்தியது. குறுக்குப் பெருங்குடலைத் தூக்கிவிட்டு, நடுச்சிறுகுடல் தொடங்கும் இடத்தின் இடப்பக்கமிருந்து நுழைந்தால், முதல் குடல் தமனியும் அதோடு பிறக்கும் கணையத் தமனியும் ஆரம்பத்திலேயே கைவசமாகின்றன. கீழ்மடையை முதலில் அடைத்துவிட்டால், பிறகு தலைப்பகுதியைப் பிரிக்கும் நீண்ட நேரத்தில் ரத்தக்கசிவு வெகுவாகக் குறைகிறது.

உடல், வால் பகுதிகளின் அறுவையில் நாளங்கள் குறைவு. ஆனால் இங்கும் ஒரு நிலையற்ற தமனி உண்டு. கணையத்தின் முதுகுத் தமனி பலருக்கு மண்ணீரல் தமனியின் தொடக்கத்தில் பிறக்கிறது. மற்றவர்களுக்குக் கல்லீரல் தமனியிலோ, எஸ்.எம்.ஏ.விலோ, சீலியக் தமனியிலோ. மண்ணீரல் தமனியைக் கட்டப் பின்னால் கருவியைச் செலுத்தும்போது கண்ணுக்குத் தெரியாமல் கிழிவது பெரும்பாலும் இதுதான். மண்ணீரலைக் காப்பாற்றுவதில் இரண்டு வழிகள் உருவாயின. 1988இல் பாஸ்டனின் ஆண்ட்ரூ வார்ஷா, மண்ணீரலின் தமனியையும் சிரையையும் வெட்டிய பின்னும் இரைப்பையிலிருந்து வரும் குறுநாளங்களால் மண்ணீரல் பிழைக்கும் என்று காட்டினார். 1996இல் ஜப்பானின் வதாரு கிமுரா இரு பெருநாளங்களையும் தக்கவைத்து, கணையத்துக்குப் போகும் சிறுகிளைகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பிரித்தார். முதல் முறை எளிது; பெரிதாக வீங்கிய மண்ணீரலுக்கு அந்தக் குறுநாளங்கள் போதா. இரண்டாவது நுணுக்கமானது, ஆனால் உருப்பெருக்கிய திரை அதற்குக் கைகொடுக்கிறது. சீலியக் தமனியையே புற்று சூழ்ந்தவர்களுக்கு, அதையும் சேர்த்து அகற்றும் துணிகரமான முறை 1976இல் நிமுராவால் கணையத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அங்கே கல்லீரலை வாழவைப்பது அதே கணைய வளைவுகள்தான்; எஸ்.எம்.ஏ.விலிருந்து ஜி.டி.ஏ. வழியாக ரத்தம் மேலேறுகிறது.

இந்த வரலாற்றில் கோயம்புத்தூருக்கும் ஓர் இடம் உண்டு. அங்குள்ள ஜெம் மருத்துவமனையில் சி. பழனிவேலு குழுவினர் 1990களின் இறுதியில் தொடங்கிய லேப்ராஸ்கோப்பிக் கணையத்தலை அறுவைகளின் அனுபவத்தை 2007இல் வெளியிட்டபோது, 42 நோயாளிகள் என்பது உலக அளவில் பெரிய தொகுப்பு. 2017இல் அதே மையம் 64 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, திறந்த அறுவையோடு ஒப்பிட்டது. மருத்துவமனையில் தங்கிய நாட்களின் இடைநிலை 13இலிருந்து 7ஆகக் குறைந்தது. 2019இல் வெளியான நெதர்லாந்தின் ஆய்வு எதிர்ப்பக்கத்தைக் காட்டியது. 99 பேரோடு அது நடுவிலேயே நிறுத்தப்பட்டது. சிக்கல்களால் 90 நாட்களுக்குள் இறந்தவர்கள் லேப்ராஸ்கோப்பி தரப்பில் 50இல் 5 பேர், திறந்த அறுவையில் 49இல் ஒருவர். 2021இல் 656 பேரைச் சேர்த்த சீன ஆய்வில், 100க்கு மேல் இத்தகைய அறுவைகளைச் செய்து முடித்தவர்கள் மட்டுமே அனுமதிக்கப்பட்டனர். அங்கே இரு முறைகளிலும் இறப்பு கிட்டத்தட்ட சமமாக இருந்தது. கருவி இந்த மூன்று ஆய்வுகளிலும் ஏறத்தாழ ஒன்றுதான். எஸ்.எம்.ஏ.வின் ஓரத்தை எத்தனை முறை பார்த்திருக்கிறோம் என்பதே வேறுபாட்டின் பெரும்பகுதியை விளக்குவதாகக் கொள்ளலாம்.

2021 பிப்ரவரியில் டோக்கியோவை மையமாகக் கொண்டு நடந்த நிபுணர் கூட்டம், நுண்துளைக் கணைய அறுவைக்குத் தேவையான நாள உடற்கூற்றைத் தொகுத்து வரையறுக்க முயன்றது. கீழ் கணைய–முன்சிறுகுடல் தமனி, முதல் குடல் தமனியும் சிரையும், முதுகுத் தமனி, மண்ணீரல் நாளங்களின் போக்கு ஆகியவற்றை அறுவைக்கு முன்பே ஸ்கேனில் அடையாளம் காண்பதன் தேவையை அது வலியுறுத்தியது.

அறுவை முடிந்த பிறகும் ஒரு நாளம் கவலையாகவே எஞ்சுகிறது. ஜி.டி.ஏ. வெட்டப்பட்ட முனை, கணையத்தையும் குடலையும் இணைத்த தையலுக்கு அருகிலேயே கிடக்கிறது. தையல் கசிந்தால் கணைய நீர் அந்த முனையை அரிக்கும். ஒன்றிரண்டு வாரங்கள் கழித்துத் திடீரென ரத்தம் பெருகும். அதனால் முனையைச் சற்று நீளமாக விட்டுக் கட்டி, கல்லீரலின் தொங்கு இழையம் போன்ற ஒன்றால் போர்த்துகிறார்கள் பலர். அப்படியும் ரத்தம் வந்தால் இன்று பெரும்பாலும் வயிற்றைத் திறப்பதில்லை. தொடைத் தமனி வழியாகக் குழாயைச் செலுத்தி, கசியும் இடத்தை உறையிட்ட ஸ்டென்டால் மூடுகிறார்கள். கம்பிச்சுருளால் கல்லீரல் தமனியையே அடைத்துவிட்டால் மாற்று வழி மிகக் குறைவு, ஏனெனில் முன்பு கைகொடுத்த கணைய வளைவுகள் கணையத் தலையோடு போய்விட்டன. எஸ்.எம்.ஏ.விலிருந்து வலக் கல்லீரல் தமனி கிளம்பும் அந்தப் பத்தில் ஒருவருக்கு மட்டும், கல்லீரலின் ஒரு பாதி அந்த வழியில் ரத்தம் பெற்றுக்கொண்டிருக்கும்.